வெடிக்கு நடுவே ஒரு வேடத் தேர்வு

விழாவுக்குத் தலைமை தாங்குகிற, அந்தத் தலைமையை வேறு எவரும் தாங்கிவிடக் கூடாதே என்று ஆண்டாண்டாய்க் கவலைப்படுகிற, பட்டாசுத் தொழிலதிபர், எங்கள் நாடக மன்றத் தலைவர், பெருந்தகை தங்கச்சாமி அவர்களே! மேடையில் கிடக்கும் நாற்காலிகளைவிட அதிகமாக மேடையில் நின்றுகொண்டிருக்கும் செயற்குழு உறுப்பினர்களே! மேலே வரச் சொல்லியும் வராமல், முதல் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அச்சக உரிமையாளர், இந்த மன்றத்தின் மாறாத மன்னர், மீசை மாண்பாளர் ராஜபாண்டியன் அவர்களே! மத்தியானமே துண்டைப் போட்டு இடம்பிடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! வெடிமருந்து ஒட்டிய கையைக் கழுவிய கையோடு, வேலை விட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! இவன் பேசி முடிப்பது எப்போது என்று என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலுள்ள காகிதத்தின் கனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்களில் பலர்மேல் எனக்குக் கோபம் உண்டு. சிலர்மேல் தீராத கோபம் உண்டு. ஆனாலும் வணக்கத்தில் நான் வஞ்சனை செய்வதில்லை. அத்தனை பேருக்கும் என் வணக்கம்!

இந்தச் சோலைமலை யார் என்று தெரியாத வெளியூர் விருந்தாளிகளுக்காக ஒரு வார்த்தை. விருதுநகரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மன்னர்களைப் பற்றிப் பாடம் சொல்லிப் பிழைக்கிறேன். ஆனால் ஒரு மன்னனாக ஒரே ஒரு நாள் வேடம் கட்டும் தகுதி எனக்கு இல்லை என்று இதே மன்றம் ஒவ்வோர் ஆண்டும் ஒருமனதாக முடிவு செய்து வந்திருக்கிறது. ஒருமனதாக! இந்த ஊரில் ஒருமனதாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

இன்று நம் அம்மன் கோயில் பொங்கல் விழாவுக்கு நாள் குறித்துச் சாட்டியிருக்கிறது. பொங்கலன்று இரவு, வழக்கம்போல, 'மணிமுடி துறந்த மன்னன்' என்ற நாடகம். அதில் வச்சிரவேலன் என்ற மன்னன் வேடம் யாருக்கு? அதைச் சொல்லத்தான் என்னை இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் நம் ராஜபாண்டியன். இன்னொருவர், தலைவரின் மகன், கோயம்புத்தூரில் மேலாண்மை படித்துத் திரும்பியிருக்கும் செல்வன் பாண்டிச்செல்வம். மூன்றாமவர், பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, ராஜபாண்டியன் அவர்களின் இல்லத்தரசி, யோகேஸ்வரி அம்மையார்.

(என்னப்பா சலசலப்பு? ஊருக்கே தெரிந்த செய்திக்கு இப்போதுதான் புதிதாக வாயைப் பிளக்கிறீர்களே!)

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணும் இதுவரை இந்த மேடையில் வேடம் கட்டியதில்லை. ராணி வேண்டுமா, மதுரையிலிருந்து வருவார். தோழி வேண்டுமா, ராணியோடு அதே வேனில் வருவார். நம் வீட்டுப் பெண்கள் கீழே அமர்ந்து கைதட்டுவார்கள். அது நம் பண்பாடாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் முன்னால் வந்து, ராணி வேடம் கேட்கவில்லை, ராஜா வேடம் கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? இன்றைய கேள்வி இது ஒன்றுதான். பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் உடனே சொல்லிவிட்டால் நீங்கள் உடனே எழுந்து போய்விடுவீர்கள். இத்தனை ஆண்டு எனக்கு ஒலிபெருக்கி கொடுக்காத பாவத்துக்கு இன்று கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் எப்படி நடுவனானேன்? அதுவே ஒரு நாடகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவரும் செயலாளர் சங்கிலிமுத்துவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததும், யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"சார், இந்த வருசம் நீங்கதான் நடுவரா இருந்து ஒரு ராசாவப் புடிச்சுக் குடுக்கணும்" என்றார் தலைவர்.

"ஏன், ஊரில் வேறு ஆளே இல்லையா?" என்றேன்.

சங்கிலிமுத்து உள்ளதை உள்ளபடி உடைத்துவிடும் உத்தமர். "ஆளுக்கென்ன சார், அம்புட்டுப் பேரு இருக்காக. ஆனா ஆளுக்கொரு பக்கம் சாஞ்சில்ல இருக்காக? பாதிப் பேரு அண்ணாச்சி பக்கம், பாதிப் பேரு பிரஸ்காரரு பக்கம். நீங்க ஒருத்தருதான் எங்க எல்லாரு மேலயும் ஒண்ணுபோலக் கடுப்பா இருக்கீக."

கேட்டீர்களா? நீதிக்கு இதைவிட நல்ல இலக்கணம் எந்த நூலில் இருக்கிறது? நடுவுநிலைமை என்றால் எல்லோரிடமும் சமமாக அன்பு வைப்பது என்று படித்திருக்கிறேன். எல்லோர்மீதும் சமமாக எரிச்சல் கொள்வதும் நடுவுநிலைமைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டேன். பதவியையும் ஏற்றுக்கொண்டேன்.

தாய்மார்களே, பெரியோர்களே! இங்கே வேடத் தேர்வு என்று ஒன்று நடக்கிறதே, அதில் என்றைக்காவது நடிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா? மைக் செட் தந்தவர் மந்திரியானார். பந்தல் போட்டவர் படைத்தலைவரானார். பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தவர் முனிவரானார். ஆன முனிவர் நாடகம் முடியும்வரை தம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நோட்டீஸ் அடித்துத் தந்தவர் மன்னரானார். அடித்த நோட்டீஸில் தம் படத்தை அம்மன் படத்தைவிடப் பெரிதாகவும் போட்டுக்கொண்டார். (முறைக்காதீர்கள் ராஜபாண்டியன். அம்மனே பொறுத்துக்கொண்டாள், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நானும் ஒரு காலத்தில் தேர்வுக்கு வந்தேன். நெஞ்சு நிறைய ஆசை, நினைவு நிறைய வசனம். மன்னன் மகனைப் பறிகொடுக்கும் காட்சியை நடித்துக் காட்டினேன். நடித்து முடித்ததும் குழுவினர் கூடிப் பேசினார்கள். "வசனமெல்லாம் கண்டிசனா இருக்கு சார்" என்றார்கள். "ஆனா ஒங்க ஒசரத்துக்குச் சேவகன்தான் சரியா வரும்." உயரத்துக்கு வேடம்! அப்படிப் பார்த்தால் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கல்லவா சக்கரவர்த்தி வேடம் கொடுத்திருக்க வேண்டும்?

சரி, சேவகன். எனக்கு ஒரே ஒரு வசனம். 'மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்.' அவ்வளவுதான். மொட்டைமாடியில், குளியலறையில், கல்லூரிப் பேருந்தில் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். வந்த தூதுவன் நல்ல சேதியோடு வந்தானா, கெட்ட சேதியோடு வந்தானா என்பது அந்த ஒரு வரியிலேயே சபைக்குத் தெரிய வேண்டும் என்று பாடுபட்டேன். நாடக நாள் வந்தது. வேல்கம்பைப் பிடித்துக்கொண்டு மேடைக்குள் நுழைந்தேன். வணங்கினேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அரியணையில் இருந்த ராஜபாண்டிய மன்னர் என்ன சொன்னார் தெரியுமா? "தூதுவனை வரச் சொல்!" என்று முழங்கிவிட்டார்.

(சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தீர்கள்.)

தூதுவன் வந்த சேதியைச் சேவகன் சொல்லாமலே மன்னன் அறிந்துகொண்டான். ஞானதிருஷ்டி! நான் திறந்த வாயோடு திரும்பிப் போனேன். மறுநாள் டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "அட, அதுல என்ன சார் இருக்கு? தூதுவன் எப்படியும் வரத்தான போறான்?" என்றார். எப்படியும் வரத்தான் போகிறான். ஒரு மனிதன் வாழ்நாளில் பெற்ற ஒரே வசனத்தைப் பறித்துக்கொண்டவர் சொன்ன சமாதானம் அது. அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை. மறதி மனிதர்க்கு மருந்து என்பார்கள். நான் வரலாற்று வாத்தியார். எனக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த தேர்வுக்கு வருகிறேன்.

கோயில் பொட்டலில் தேர்வு. நான் போய் அமர்ந்தேன். எதிரே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால் ஆறு பேர், ஆளுக்கொரு ஊதுபத்தியும் ஒரு பெட்டி வெடியுமாகக் குந்தியிருந்தார்கள். யார் இவர்கள், எந்தக் காட்சிக்கு வருகிறார்கள் என்று கேட்டேன்.

"இவுகளுக்கு வேசம் இல்ல சார். இவுகதான் பரீட்சை" என்றார் சங்கிலிமுத்து.

வெளியூர் விருந்தாளிகளே, விளக்கமாகச் சொல்கிறேன். நம் ஊர் நாடகத்தில் ஒரு நடிகன் மேடைக்குள் நுழைந்தால் அவன் மாமன் வெடி போடுவான். அவன் வசனம் பேசினால் மச்சான் வெடி போடுவான். அவன் செத்து விழுந்தால் அவன் முதலாளி வெடி போடுவார். சரவெடி கூடாது என்று சட்டம் வந்த பிறகு, நாம் சட்டத்தை மதிக்கும் சமுதாயமல்லவா, ஆறு பேரை வரிசையாக உட்காரவைத்து ஒற்றை வெடியை ஓயாமல் போடுகிறோம். இந்தச் சத்தத்துக்கு மேலே எவன் குரல் எழும்புகிறதோ அவனே மன்னன். ஆகவே தேர்வன்றும் வெடி. வெடிக்கு நடுவே வசனம். நல்ல நெல்லை அளந்து பார்க்கலாம், நல்ல பொன்னை உரைத்துப் பார்க்கலாம். நல்ல நடிகனை வெடித்துப் பார்க்கும் வித்தை உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

"இது நடிப்புக்கான சோதனையா, நுரையீரலுக்கான சோதனையா?" என்று கேட்டேன். "சார், வருசா வருசம் இப்பிடித்தான் சார்" என்றார்கள். நம் ஊரில் எந்த மடமைக்கும் அசைக்க முடியாத ஆதாரம் அந்த ஒற்றை வரிதான். வருசா வருசம் இப்படித்தான்!

தேர்வுக்கு வைத்த காட்சி, நாடகத்தின் கடைசிக் காட்சி. போரில் வெற்றி. வீதியெல்லாம் வெற்றி முரசு. ஆனால் மன்னனின் ஒரே மகன் களத்தில் மாண்டு கிடக்கிறான். அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு மன்னன் பேசுகிறான். 'முரசை நிறுத்துங்கள். என் மகன் உறங்குகிறான்.' இரண்டே வாக்கியம். அதற்குப் பிறகு அவன் முடியைக் கழற்றி வைத்துவிடுகிறான்.

முதலில் நம் மாறாத மன்னர் வந்தார். மீசையை முறுக்கினார். ஆறு ஊதுபத்திகளும் குனிந்தன. டமார்! டமார்! அதற்கு நடுவே தொண்டை நரம்பு புடைக்க, "முரசை நிறுத்துங்கள்ள்ள்! என் மகன் உறங்குகிறான்ன்ன்!" என்று கர்ஜித்தார். அவர் கர்ஜித்த கர்ஜனைக்கு, செத்த மகன் எழுந்து உட்கார்ந்து "எதுக்குப்பா கத்துற?" என்று கேட்டிருப்பான். குழுவினர் கைதட்டினார்கள். வசனம் கேட்டதா என்று ஒருவரிடம் கேட்டேன். "கேக்கல சார். ஆனா வாய் நல்லாப் பெருசாத் தொறந்துச்சு" என்றார்.

அடுத்து பாண்டிச்செல்வம். நல்ல பிள்ளை. சிமெண்டு பூசி ஆறவைத்ததுபோல ஒரு முகம். துக்கமா, தூக்கமா, எதுவும் அதில் ஒட்டாது. வெடி ஆரம்பித்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு வசனம் சொன்னார். மகன் மரணத்தில் மன்னன் ஏன் காதைப் பொத்துகிறான் என்று கேட்டேன். "அது புது மாதிரி நடிப்பு சார்" என்றார் அவருடைய அப்பா. பட்டாசு முதலாளியின் மகனுக்குப் பட்டாசுச் சத்தம் ஆகவில்லை. உங்கள் கம்பெனிக்குள் ஒரு நாளாவது போய் வந்திருந்தால் பழகியிருக்கும். ஆனால் அங்கே போவது வேறு வீட்டுப் பிள்ளைகள்தானே?

(தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். சுருக்கமாகப் பேச வேண்டுமாம். சுருக்கமாகத்தான் சொன்னேன் தலைவரே. நீளமாகச் சொன்னால் உங்களுக்குத்தான் வலிக்கும்.)

இரண்டு பேரும் முடித்தார்கள். சங்கிலிமுத்து வழக்கம்போல, ஒருவரும் வரமாட்டார் என்ற உறுதியோடு, "வேற யாரும் உண்டா?" என்று கேட்டார். வேப்பமரத்தடியில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். கணவரின் தொண்டைக்காகப் பனங்கற்கண்டு போட்ட வெந்நீரைப் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார். அந்தப் பிளாஸ்கை நாற்காலியில் வைத்தார். எழுந்தார். நேரே நடந்து வந்தார்.

"என்ன மதினி, அண்ணனுக்குத் தண்ணியா? இங்கன குடுங்க" என்று சங்கிலிமுத்து கையை நீட்டினார்.

"தண்ணி அந்தா நாற்காலில இருக்கு. நான் வேசத்துக்கு வந்திருக்கேன்" என்றார் யோகேஸ்வரி.

பொட்டலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தலைவர்தான் பேச்சைத் தொடங்கினார். "ஏம்மா, பொம்பள வேசத்துக்கு நாம எப்பவும் மதுரைல இருந்துதான ஆளு கூட்டியாறோம்? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி. நான் பொம்பள வேசம் கேக்கலயே. ராசா வேசம்தான கேக்கேன்."

"ஏ யோகேசு! என்ன வெளாட்டு இது? போயி ஒக்காரு!" என்றார் ராஜபாண்டியன்.

அந்த அம்மையார் தம் கணவரைப் பார்த்துக் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "வருசா வருசம் சோத்துத் தட்டுக்கு முன்னால ஒக்காத்திவச்சு ஒங்களுக்கு நான்தான வசனம் சொல்லிக் குடுக்கேன்? நீங்க எங்கங்க மறப்பீகன்னு எனக்குத் தெரியும். ஒருக்க நானே சொல்லிப் பாத்துக்கிடுதேன். பிடிக்கலேன்னா ஒதுங்கிப் போறேன்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ராஜபாண்டியனின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன். அந்த முகத்தில் தெரிந்த அதிர்ச்சியைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. "பேசச் சொல்லுங்கள்" என்றேன். நீதிக்காகவா சொன்னேன், பழிக்காகவா சொன்னேன் என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே பேருந்தில் வந்து இறங்கும்போது யார் முன்னால் இறங்கினார் என்று யார் பார்க்கிறார்கள்?

வெடி ஆரம்பித்தது. ஆறு பேரும் ஆத்திரத்தோடு போட்டார்கள். அந்த அம்மையார் பேசவில்லை. தரையில் அமர்ந்தார். மடியில் ஒரு தலை இருப்பதுபோல் கையை வைத்துக்கொண்டார். வெடி வெடித்துக்கொண்டே இருந்தது. அவர் பேசவே இல்லை. "மதினி, வசனம்! வசனம்!" என்று சங்கிலிமுத்து கூவினார். அவர் தலை நிமிரவில்லை. ஆறு பெட்டியும் காலியாயின. புகை மட்டும் நின்றது. கிழிந்த காகிதம் பறந்து பறந்து அவர் மடியில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. மகனின் நெற்றியிலிருந்து எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தார்.

பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"முரசை நிறுத்துங்கள். என் மகன் உறங்குகிறான்."

என் தாய்மார்களே! வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு வருகிற அமைதி எப்படிப்பட்டது என்பதை இந்த மண்ணில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்திருக்கிறோம். நம் வீட்டு ஆள் எந்த ஷெட்டில் என்று நினைத்துப் பார்த்திருக்கிறோம். அந்த அமைதிக்குள் அந்த அம்மையாரின் குரல் வந்தது. தண்ணீர்த் தொட்டி அடியில் நின்ற ஆளுக்கும் கேட்டது. ஊதுபத்தி பிடித்திருந்த ஆறு பேரில் ஒருவர் ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெயர் சொல்லமாட்டேன், அவரும் இங்கேதான் இருக்கிறார்.

உடனே சங்கிலிமுத்து, கடமை தவறாத கண்ணியவான், என் காதில் சொன்னார். "சார், வெடிக்கு மேல கேக்கல. விதிப்படி மார்க் போட முடியாது." வெடியே இல்லாதபோது பேசியதை வெடிக்கு மேலே எப்படிக் கேட்பது? அந்த அம்மையார் தோற்றது சோதனையில். சோதனை தோற்றது அந்த அம்மையாரிடம். இதைச் சொன்னேன். "வருசா வருசம்..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

(முடிவா? சொல்கிறேன் தம்பி. இன்று காலையில் நடந்த ஒரு பேரத்தையும் கேட்டுவிட்டுப் போ.)

இன்று காலை, வாழைப்பழச் சீப்போடு மறுபடியும் வந்தார்கள். இந்த முறை இரண்டு சீப்பு. "சார், ஊரு ரெண்டுபடக் கூடாது. ஒரு சமாதானம் பேசிட்டோம். இடைவேள வரைக்கும் ராஜபாண்டியன் ராசா. இடைவேளைக்கு அப்பறம் பாண்டிச்செல்வம் ராசா. நீங்க மேடையில அதச் சொல்லிருங்க."

"முன்பாதியில் மீசை வைத்த பருத்த மன்னன். பின்பாதியில் மீசை இல்லாத ஒல்லி மன்னன். பார்ப்பவர்கள் கேட்கமாட்டார்களா?" என்றேன்.

"அதுக்கு ஒரு வசனம் சேத்துட்டோம் சார். போர்ல காயம் பட்டு ராசாவுக்கு மொகம் மாறிப்போச்சுன்னு மந்திரி சொல்லிருவாரு."

"காயம் பட்டால் வயிறும் வற்றிவிடுமா?"

சங்கிலிமுத்து கொஞ்சம் யோசித்தார். "விரதம்னு போட்டுக்கிடலாம் சார்" என்றார்.

"யோகேஸ்வரி அம்மையார்?"

இரண்டு பேரும் வாழைப்பழத்தைப் பார்த்தார்கள். "அது... அந்தம்மா ஏதோ ஆசைக்குப் பேசுச்சு. ஒரு சால்வ போத்திருவோம் சார்."

சால்வை! நம்மிடம் எதையும் கொடுக்காமல் எல்லாம் கொடுத்ததுபோல் காட்ட ஒரு துணி உண்டென்றால் அது சால்வைதான். எனக்கு இந்த மன்றம் போர்த்திய சால்வைகளைத் தைத்தால் இந்தப் பந்தலுக்கே ஒரு மேல்விரிப்பு ஆகும்.

எது நடிப்பு, என் மக்களே? உரக்கக் கத்துவதா நடிப்பு? உயரமாக இருப்பதா நடிப்பு? உபயம் கொடுப்பதா நடிப்பு? தான் என்பதை இறக்கி வைத்துவிட்டு இன்னொருவன் துயரத்தைத் தன் மடியில் ஏந்திக்கொள்வதல்லவா நடிப்பு! ஆரவாரத்துக்கு நடுவே ஆரவாரம் செய்ய ஆயிரம் பேர் உண்டு. ஆரவாரம் அடங்கட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? வெடித்து வெடித்துச் செவிடான ஊரில், காத்திருந்து பேசிய ஒரு குரலை நாம் கேட்டோம். கேட்ட பிறகும் கேட்காததுபோல் இருப்போமானால், நாம் செவிடர்கள் அல்ல, பொய்யர்கள்!

ஆகவே, வாழைப்பழத்துக்கு விசுவாசமில்லாத நடுவனாகிய நான், எனக்கு நீங்கள் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு, இந்த ஆண்டின் வச்சிரவேல மன்னர் யோகேஸ்வரி என்று அறிவிக்கிறேன்!

(கைதட்டுங்கள்! பெண்கள் பக்கம் தட்டுகிறார்கள். ஆண்கள் பக்கம் எல்லோருக்கும் திடீரென்று கையில் செல்போன் வந்துவிட்டது.)

இருங்கள். செயலாளர் ஒரு சட்டச் சிக்கலோடு வருகிறார். இந்த ஒலிபெருக்கியிலேயே சொல்லுங்கள் சங்கிலிமுத்து, எல்லோரும் கேட்கட்டும்.

"அறிவிச்சா மட்டும் ஆகாது சார். காப்புக் கட்டணும். போன வருசம் அந்த வேசம் போட்டவுகதான் இந்த வருசம் போடுறவுகளுக்கு மஞ்சக் கயிறு கட்டணும். அதான் அம்மன் மொறை. கட்டலேன்னா வேசம் கைமாறாது. அண்ணன் அங்கன கையக் கட்டிக்கிட்டுல்ல ஒக்காந்திருக்காக?"

சரியான முறைதான். இதில் நான் தலையிட முடியாது. எந்த நடுவனும் தலையிட முடியாது. அம்மையார் எழுந்துவிட்டார்கள். மேடைக்கு வந்துவிட்டார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது. கட்ட வேண்டியவர் கீழே இருக்கிறார்.

ராஜபாண்டியன் அவர்களே! உங்களிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இன்றும் எனக்காகக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். அம்மையாரின் குரலை நீங்கள் கேட்டதை நானும் பார்த்தேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

எழுந்துவிட்டார். வாசல் பக்கமாகத் திரும்புகிறார். செருப்பைச் சரிசெய்யக் குனிகிறார். வழி விடுங்கள் அப்பா, போகிறவரை மறிக்காதீர்கள். செருப்பை... கழற்றுகிறார். கழற்றத்தான் குனிந்திருக்கிறார்! படியேறுகிறார். வாருங்கள். ஒலிபெருக்கியை என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம், நானே தருகிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தா நிக்கிற சாரு சொன்னாருங்கிறதுக்காக நான் வரல. இவரு சொன்னா நான் சாப்புடக்கூட மாட்டேன். ஏ யோகேசு, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சோறு போடும்போது எனக்கு அந்த வசனத்த இப்பிடிச் சொல்லிக் குடுக்கலயே நீ?"

"இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்கதான் எதுக்கால கண்ணாடியில மீசையப் பாத்துக்கிட்டு இருந்தீக."

(சிரித்து முடியுங்கள், அவரும் சிரிக்கிறார். ஒலிபெருக்கியை எனக்குக் கொடுத்துவிட்டார்.)

கயிற்றை எடுக்கிறார். அம்மையாரின் மணிக்கட்டில் சுற்றுகிறார். பொடி எழுத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காத அச்சுக்காரரின் கை அது. ஒரு முடிச்சு. இரண்டு. மூன்று. கட்டிவிட்டார்! நம் மேடையில், நம் ஊரில் பிறந்த ஒரு பெண், நம் மன்னர்!

ராஜபாண்டியன் அவர்களுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன். அவர்மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இந்தப் படியேறி வந்ததற்காக அதை வேண்டுமானால் நாளை காலை வரை தள்ளிவைக்கிறேன். ஆனால் முடிச்சு இறுக்கமாக விழுந்திருக்கிறது, இனி எவராலும் அவிழ்க்க முடியாது என்பதை வரலாற்று வாத்தியார் என்ற முறையில் சாட்சி சொல்கிறேன்.

தலைமை தாங்கித் தலைகுனிந்திருக்கும் தலைவருக்கும், விதி தெரிந்த செயலாளருக்கும், செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடைசியில் கைதட்டிய ஆண்களுக்கும், முதலிலேயே தட்டிய தாய்மார்களுக்கும், இவ்வளவு நேரம் என் கசப்பைக் காது கொடுத்துக் குடித்த உங்கள் அனைவருக்கும் நன்றி. பொங்கலன்று இரவு சீக்கிரம் வாருங்கள். கடைசிக் காட்சியில் மட்டும் ஊதுபத்திகளை அணைத்துவிட்டு அமருங்கள். அங்கே ஒரு மகன் உறங்குவான்.

வணக்கம்.